மறை மூன்றின் வர்க்கம்

கொட்பே ஐஸ் ஆலையின் பின்கதவடியில்
மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுப் படிக்கிறோம்.
எனக்கு முப்பத்தெட்டு. பஸ்மிலாவுக்கு நாற்பத்தொன்று.
எட்டுப் பாடம் எப்பவோ சித்தி.
கணிதம் மட்டும்
இருபது வருசத்துக் கடன்.

எக்ஸ் வர்க்கம், கூட்டல் இரண்டு எக்ஸ், கூட்டல் ஐந்து.
எக்ஸ் என்பது மறை மூன்று. பெறுமானம் காண்க.

அவளுக்கு மறை பத்து வந்தது.
எனக்கு எட்டு.
தேநீர் இடைவேளை முழுக்க
நடுவில் கிடந்த பதினெட்டுக்காகச் சண்டை பிடித்தோம்.
"நீ எங்கயோ ஒரு மறையத் தின்டுட்டாய்" என்றாள்.
"நீ அடைப்புப் போடேல்லை" என்றேன்.

போடாமல்தான் விட்டிருந்தாள்.
எக்ஸ் எழும்பிப்போன இடத்தில்
மறை மூன்றை அப்படியே கொண்டுவந்து இருத்தியிருந்தாள்.
சுட்டி மூன்றை மட்டும் பெருக்கிவிட்டு
மறையை வாசலில் நிற்க விட்டுவிட்டது.
அந்தக் குட்டி இரண்டுக்குத்
தன் காலடியில் நிற்பவனை மட்டும்தான் தெரியும்.
மறையோடு வருகிறவனை
அடைப்புக்குள் ஏற்றிய பிறகுதான்
படகை அவிழ்க்க வேண்டும்.

ஈரவிரலோடு அடைப்புப் போட்டாள்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.
மறையும் மறையும் முட்டி
ஒன்பது, நேர் ஒன்பது.
"இத அப்பவே ஒருத்தரும் சொல்லல்லையே" என்று
சுவரைப் பார்த்து ஏசினாள்.
சொல்லியிருப்பார்கள்.
அந்த வருசம் பள்ளிக்கூடம் எத்தனை நாள் நடந்தது என்பது
வேறொரு கணக்கு.

வியாழக்கிழமை ஜெறோம் வந்தான்.
புதுப்படகுக்குப் புதுப்பெட்டி அடித்திருக்கிறானாம்.
நீளம், அகலம், ஆழம்
எல்லாம் பழையதைப்போல இரண்டு மடங்கு.
"பழசுக்கு மூண்டு கட்டி. அப்ப இதுக்கு ஆறு போடு."

என் பேனை நின்றது.
இரண்டு. நாலு. எட்டு.
"இருபத்துநாலு" என்றேன்.
இறங்குதுறை முழுக்கச் சிரித்தது.
"ஐஸ்காரி ஐஸ் விக்கத்தானே பாப்பாள்!"

பஸ்மிலா வாதாடவில்லை.
ஆறு கட்டியையும் நொறுக்கிக் கொட்டச் சொன்னாள்.
ஜெறோம் குனிந்து பார்த்தான்.
கால்வாசி.
அடியில் கொஞ்சம் வெள்ளை,
மேலே அவன் முகம் போகும் அளவுக்குக் காற்று.

"ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"
இன்னும் பதினெட்டுக் கட்டிக்குச் சீட்டு எழுதினேன்.
அதே பதினெட்டு.
பஸ்மிலா என்னைப் பார்த்தாள், நான் சீட்டைப் பார்த்தேன்.

ஆனால் பூச்சியத்தை மட்டும் அவள் ஒத்துக்கொள்வதில்லை.
இரண்டின் சுட்டி பூச்சியம் என்றால் ஒன்றாம்.
"ஒருக்காலும் பெருக்காமலே ஒண்டு எங்கயிருந்து வந்த?"
எட்டு, நாலு, இரண்டு என்று
ஒவ்வொரு படியிலும் பாதியாக்கிக் காட்டினேன்.
அடுத்த படியில் ஒன்றுதானே நிற்க வேண்டும்?
வெயிலில் கிடந்த துண்டு ஐஸைக் காலால் தள்ளினாள்.
"நம்பல்ல. ஆனா சோதனையில எழுதுவன்."

பின்னேரம் பஸ் நிலையத்தடியில்
சைக்கிள் கூடையிலிருந்த கடந்தகால வினாத்தாளை
மானொன்று இழுத்துக் கடித்தது.
துரத்திப்போய்ப் பிடுங்கினால்
ஏழாம் கேள்வியில் ஒரு மூலை இல்லை.
எக்ஸ் இருக்கிறது.
எக்ஸ் என்பது நாலு என்பதும் இருக்கிறது.
சுட்டி மட்டும் மானின் வயிற்றில்.

படம் எடுத்து அனுப்பினேன்.
"ஒண்டெண்டு வை. நாலு" என்று பதில் வந்தது.
பத்து மணிக்கு இன்னொன்று:
"இரண்டெண்டா பதினாறு."
பதினொன்றரைக்கு:
"மூண்டெண்டா அறுபத்துநாலு.
நித்திர வரல்ல.
நாலயும் போட்டுப் பாக்கன்."